தனலெட்சுமி மாற்றுத் திறனாளியா?

மனிதவளப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர், சென்ற மாதப் பயிற்சியின் இடைவேளையில் மீ ஹூன் தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மேடம், உடல்ல குறை இருக்குன்னு சொல்லி ஒருத்தர வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு சட்டம் யார் யாரைப் பாதுகாக்குது? ஸ்லைடுல ஒரே வரியா போடணும்" என்றார். நான் வாயில் இருந்ததை மென்று முடிக்கும்வரை யோசித்தேன். பிறகு, அப்புறம் சொல்கிறேன் என்றேன். தட்டிக் கழித்துவிட்டேன் என்று அவர் நினைத்திருப்பார். உண்மையில் அந்த ஒரு வரி எனக்குத் தெரியாது. ஓய்வு பெறும் நாள்வரை இதே துறையில் இருந்தும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது ஒரு பெண்ணுக்கு நடந்தது மட்டும்தான். அதைச் சொல்கிறேன். நீங்கள் அதிலிருந்து ஒரு வரி எடுக்க முடிந்தால் எனக்கும் அனுப்புங்கள்.

சிகாமட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த தொழிற்சாலையில் கார்களுக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்தார்கள். அச்சிலிருந்து வரும் பாகங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ குமிழியோ இருந்தால் ஒதுக்கி வைப்பது தரம் பார்க்கும் கியூசி மேசையில் இருக்கும் பெண்களின் வேலை. தனலெட்சுமி அவர்களில் ஒருவர். நாற்பது வயதைத் தாண்டியவர். சாஆ ஊரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். அதிகம் பேச மாட்டார், ஆனால் கேண்டீனில் யாராவது பிறந்தநாள் கேக் வெட்டினால் முதல் ஆளாகக் கைதட்டுவார். அதற்கு மேல் எனக்கு அவரைத் தெரியாது. பிரச்சினை எதுவும் செய்யாதவர்களை மனிதவளப் பிரிவுக்குத் தெரிவதில்லை.

எங்கள் பாகங்களை வாங்கும் கார் நிறுவனம், கியூசி மேசையில் இருக்கும் எல்லாருக்கும் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று புதிதாக ஒரு விதி கொண்டுவந்தது. கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரை வரவழைத்துக் கேண்டீன் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டினோம். பெண்கள் வரிசையாக வந்து படித்துவிட்டுப் போனார்கள். தனலெட்சுமியின் முறை வந்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். மூடிக்கொண்டு அப்படியே நின்றார்.

"படிங்க."

"தெரியல."

"மேல இருக்கிற பெரிய எழுத்து?"

"ஒன்னும் தெரியலிங்க."

அவர் கையை எடுத்துவிட்டு, ஏதோ கடையில் சில்லறை இல்லை என்று சொன்னதைப்போல, "அந்தக் கண்ணு சின்ன வயசுலயே போச்சு. செம்பனை மட்டை முள்ளு குத்திருச்சு" என்றார்.

அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த பெண்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை. பார்க்க இரண்டு கண்ணும் ஒரே மாதிரிதான் இருக்கும். மேற்பார்வையாளர் ரஸ்லான் அவரை அன்றைக்கே மேசையிலிருந்து எழுப்பி, பின்னால் இருக்கும் ஸ்டோரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வேலை எதுவும் கொடுக்கவில்லை. ரஸ்லானைக் குறை சொல்ல மாட்டேன். பரிசோதனைத் தாளில் ‘தகுதியில்லை’ என்று இருந்தது. தாளில் இருந்ததை அவர் செய்தார்.

மறுநாள் காலையில் தொழிற்சாலை நிர்வாகி மிஸ்டர் லிம் என்னைக் கூப்பிட்டார். ஆற்று வெள்ளம் ஸ்டோருக்குள் வந்த வருடம் முழங்கால் தண்ணீரில் இறங்கி எங்களோடு பெட்டி தூக்கிய மனிதர் அவர். கெட்டவர் இல்லை. மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார்.

"மருத்துவக் காரணம்னு போட்டு முடிச்சிடுங்க. சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்திடுவோம். அடுத்த மாசம் கார் கம்பெனிக்காரங்க ஆடிட்டுக்கு வர்றாங்க. ஒத்தைக் கண்ணோட ஒருத்தர் செக் பண்ணின பாகம்னு தெரிஞ்சா ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா எத்தனை பேருக்கு வேலை போகும்னு உங்களுக்கே தெரியும்."

"அவரைப் பாதுகாக்கிற சட்டம் ஏதாவது இருக்கான்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"அவங்க ஓகேயூவா?" என்று கேட்டார்.

நம் ஊரில் மாற்றுத் திறனாளியை அப்படித்தான் சொல்கிறோம். நலத்துறையில் பதிந்து அட்டை வாங்கியவர் ஓகேயூ. அட்டை உண்டா என்று தனலெட்சுமியின் கோப்பில் பார்த்தேன். இல்லை. இல்லை என்று நான் சொன்னதும் லிம்முக்கு வேறொரு யோசனை வந்தது. ஓகேயூ ஊழியரின் சம்பளத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டு என்று கணக்காளர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. "அட்டை வாங்கிக் கொடுத்திடுங்க. அப்ப வேற கதை. நாங்க ஓகேயூவுக்கு வேலை கொடுக்கிற கம்பெனின்னு ஆடிட்டர்கிட்ட சொல்லிக்கலாம்."

அட்டை இல்லாவிட்டால் அந்தக் கண்ணுக்காக வேலை போகும். அட்டை இருந்தால் அதே கண்ணுக்காக வேலை நிலைக்கும். ஆனாலும் ஒரு வழி கிடைத்ததே என்று ஸ்டோருக்குப் போனேன். தனலெட்சுமி மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தனம், நாம அட்டைக்குப் பதிஞ்சிடலாம். நானே கூட வர்றேன்" என்றேன்.

"எனக்கு வேணாம் மேடம்."

"இது உங்க வேலைக்காகத்தான்."

"நான் ஓகேயூ இல்ல மேடம். சமைக்கிறேன், மோட்டார் சைக்கிள் ஓட்டுறேன், ரெண்டு பிள்ளைய வளத்தேன். ஒரு நாளும் யார்கிட்டயும் எனக்கு முடியலன்னு சொன்னது கிடையாது." பிறகு, "எங்க அண்ணன்தான் ஓகேயூ" என்றார்.

அவருடைய அண்ணனுக்குப் பிறவியிலேயே ஒரு கால் வளைந்திருந்தது. ஊன்றுகோலோடு நடப்பவர். கணக்கு வேலைக்குப் படித்துச் சான்றிதழ் வாங்கி, எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுத்தாலும் போய் நின்றிருக்கிறார்.

"கேட்டுலயே காவல் நிக்கிற ஜாகா பாப்பாரு மேடம். உள்ளுக்குப் போன் அடிப்பாரு. அப்புறம் ஆள் எடுத்தாச்சு லா அப்படிம்பாரு. வெளியில போர்டு அப்படியேதான் தொங்கும். அட்டைய வேற எடுத்து நீட்டுவாரு எங்க அண்ணன், அதைக் காட்டினா சலுகை இருக்குன்னு யாரோ சொன்னாங்கன்னு. நான் அதைப் பாத்துப் பாத்துத்தான் என் கண்ணைப் பத்தி வாயத் தொறக்கல. நான் இங்க சேர்றப்ப யாரும் கேக்கவும் இல்ல."

அட்டை அவருக்கு ஒரு பாதுகாப்பாகத் தெரியவில்லை, கேட் வாசலிலேயே நிறுத்திவிடும் பொருளாகத்தான் தெரிந்தது. விசாரித்தாவது பார்ப்போம், பிடிக்காவிட்டால் பதிய வேண்டாம் என்று கெஞ்சித்தான் அழைத்துப் போனேன்.

முதலில் மருத்துவமனையில் கண் நிபுணரைப் பார்த்தோம். இடது கண்ணில் பார்வை இல்லை, வலது கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். பிறகு நலத்துறை அலுவலகம். அங்கிருந்த அம்மா பொறுமையாக எல்லாவற்றையும் படித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ஒரு கண்ணு நல்லா இருக்கு இல்லையா? பார்வைப் பிரிவுல பதியணும்னா ரெண்டு கண்ணுலயும் குறை இருக்கணும். இவங்களைப் பதிய முடியாது."

"அப்போ இவர் மாற்றுத் திறனாளி இல்லையா?" என்று கேட்டேன்.

"பதிவுக்கு இல்லை."

"சட்டத்துக்கு?"

அவர் மேடம் என்பதற்கு மலாயில் ‘புவான்’ என்று அழைத்துப் பேசினார். "நாங்க பதிவும் உதவியும் பார்க்கிற இடம், புவான். வேலை சம்பந்தமா சட்டம் இவங்களைச் சேர்த்துக்குமான்னு நான் சொன்னா சரியா இருக்காது. தொழிலாளர் அலுவலகத்துல கேளுங்க."

வெளியே வந்ததும் தனலெட்சுமி முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "பாத்தீங்களா மேடம், நான் ஓகேயூ இல்ல" என்றார். கேட்டதும் சிரிக்கத் தோன்றியது, ஆனால் சிரிக்க முடியவில்லை. அந்த நிம்மதியைக் கொடுத்த பதிலே அவருடைய வேலையைப் பறிக்கப் போகிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

தொழிலாளர் அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். அங்கிருந்த இளம் அதிகாரி நன்றாகவே பேசினார். வேலைவாய்ப்புச் சட்டத்தை அண்மையில் திருத்தியிருக்கிறார்கள், வேலையிடத்தில் பாகுபாடு என்று ஓர் ஊழியர் புகார் கொடுத்தால் எங்களால் விசாரிக்க முடியும் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

"உடல் குறையால பாகுபாடு காட்டினாலும்தானே?"

"பாகுபாடுன்னா என்னென்னன்னு அந்தப் பிரிவுல பட்டியல் போடல. அதனால இதுவும் வரலாம். அவங்க ஓகேயூவா?"

"நலத்துறை இல்லைன்னு சொல்லிட்டாங்க."

பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்படின்னா எதன் அடிப்படையில பாகுபாடுன்னு கேள்வி வரும். ஆனா கம்பெனி அந்தக் கண்ணைக் காரணம் காட்டித்தானே எடுக்குது... எதுக்கும் முதல்ல ஏதாவது நடக்கட்டும் புவான். நடந்ததுக்கு அப்புறம் அவங்களே வந்து புகார் கொடுக்கணும்."

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தேன். தனலெட்சுமியின் அண்ணன் நினைவுக்கு வந்திருந்தார். "அட்டை உள்ள ஒருத்தர் வேலைக்கு மனுப் போட்டு, அவரோட கால் காரணமா கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்கன்னு வச்சுக்குவோம். அவர் இங்க புகார் கொடுக்கலாமா?"

"இது முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையில வர்ற தகராறுக்கு. அவர் இன்னும் ஊழியரே ஆகலையே."

காரில் ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் இருந்தேன். அட்டை வைத்திருக்கும் அண்ணன் கேட்டுக்கு வெளியே நிற்பதால் புகார் கொடுக்க முடியாது. கேட்டுக்கு உள்ளே இருக்கும் தங்கை புகார் கொடுக்கலாம், ஆனால் அவரிடம் அட்டை இல்லை. நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. உடற்குறையை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கென்று தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. வேலையில் சம உரிமை என்று அது சொல்கிறது. மீறினால் என்ன ஆகும் என்று நானும் அதைப் புரட்டிப் புரட்டித் தேடினேன், எதுவும் அகப்படவில்லை. எந்தப் பக்கம் போனாலும் பாதி வழிதான் இருந்தது.

மறுநாள் தனலெட்சுமியிடம் இதைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அப்ப எங்க அண்ணனுக்கு அந்த அட்டை எதுக்கு மேடம்?"

மாத உதவித்தொகைக்கு, மருத்துவச் செலவுக்கு, ரயில் டிக்கெட்டுக்கு என்று சொன்னேன். நான் சொன்னது சரிதான். ஆனால் அவர் கேட்டது அது இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அட்டை கிடைக்காது என்று லிம்மிடம் சொன்னபோது அவர் கோப்பைத் திறந்து வைத்திருந்தார். தனலெட்சுமி வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பிய படிவம் அதில் இருந்தது. உடற்குறை ஏதும் உண்டா என்ற இடத்தில் இல்லை என்று எழுதியிருந்தார்.

"பொய் சொல்லியிருக்காங்க. மருத்துவக் காரணமே வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கை எடுத்துடலாம்" என்றார்.

ஸ்டோரில் அவர் ‘யாரும் கேக்கல’ என்று சொன்னதும் எனக்கு நினைவு வந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லைதான். படிவம் கேட்டிருக்கிறது. ஒரு நிமிடம் நானும் தடுமாறிவிட்டேன். மறைத்திருக்கிறாரே என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான், அரசாங்க அலுவலகத்திலேயே இவருக்குக் குறை இல்லை என்று சொன்னார்களே என்று உறைத்தது.

"மிஸ்டர் லிம், அவங்க எழுதினது பொய்னா, அவங்க மாற்றுத் திறனாளி. அப்போ அதுக்காக நாம வேலையை விட்டு எடுக்கிறது தப்பா போகலாம். அவங்க மாற்றுத் திறனாளி இல்லைன்னா, எழுதினது உண்மை. நாம எந்தப் பக்கம் நிக்கிறோம்?"

லிம் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னைக் குழப்பாதீங்க" என்றார்.

"நானும் குழம்பித்தான் இருக்கேன்" என்றேன்.

அன்று மாலை ஜொகூர் பாருவில் எங்கள் கம்பெனி வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞரைப் போனில் பிடித்தேன். என் மகள் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. என் வேலையில் நான் பாடம் கேட்டுக்கொண்டவர்கள் என்று சிலரைத்தான் சொல்ல முடியும். அவர்களில் இவர் ஒருவர். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்ததும் அவர் சொன்னார்:

"மேடம், நீங்க ரெண்டு கேள்விய ஒன்னா முடிச்சுப் போட்டு வச்சிருக்கீங்க. அவங்க ஓகேயூவாங்கறது ஒன்னு. அவங்கள எடுக்க நம்மகிட்ட நியாயமான காரணம் இருக்காங்கறது இன்னொன்னு. வேலை போயி அவங்க வழக்குக்குப் போனா, ரெண்டாவது கேள்வியத்தான் மொதல்ல கேப்பாங்க. அதுக்கு அட்டை வேணாம். கை கால் நல்லா இருக்கிறவங்களுக்கும் அதே கேள்விதான்."

"அப்ப முதல் கேள்வி?"

"அது இன்னும் யாருக்குமே தெளிவா இல்ல மேடம். தனிச் சட்டத்துல விளக்கம் அட்டையோட நிக்கல. நீண்ட காலக் குறை இருந்து, சுத்தி இருக்கிற தடைங்களால மத்தவங்க மாதிரி பங்கெடுக்க முடியாமப் போறவங்க, அப்படினு பரவலா போவுது. நான் அவங்க பக்கம் வக்கீலா இருந்தா அதைப் பிடிச்சுக்குவேன். கம்பெனி பக்கம் இருந்தா நலத்துறை சொன்னதைப் பிடிச்சுக்குவேன். எது நிக்கும்னு சத்தியமா தெரியாது."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"அவங்ககிட்ட என்ன இல்லைன்னு எல்லாரும் பாத்துட்டீங்க. மேசையில உக்கார வச்சு, அவங்களால எது முடியல, எது முடியுதுன்னு யாராச்சும் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. பரிசோதித்தது கேண்டீன் சுவரில் இருந்த எழுத்தைத்தான்.

லிம்மிடம் ஒரு வாரம் கேட்டேன். முனகிக்கொண்டு கொடுத்தார். ரஸ்லானிடம் சொல்லி, குறையுள்ள பாகங்களையும் நல்லவற்றையும் கலந்து தனலெட்சுமியின் முன்னால் வைக்கச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கண்டுபிடித்து எங்கள் வாயை அடைத்தார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். அப்படி நடக்கவில்லை. சிறிய பாகங்களில் மற்றவர்களைப்போலவே செய்தார். கதவு ஓரத்துக்கு வரும் நீளமான பட்டைகளில் இடது முனையில் இருந்த கீறல்களை விட்டுவிட்டார். ஒன்று இரண்டு அல்ல. ரஸ்லான் அவற்றை எடுத்து என் முன்னால் வரிசையாக வைத்தார். தனலெட்சுமி பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகம் சுருங்கியதை நான் மறக்கவில்லை. எனக்கு முடியாது என்று ஒரு நாளும் சொல்லாதவர்.

"இத்தனை நாளும் இதை விட்டுட்டேனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பழைய பட்டைகள் எல்லாம் எங்கெங்கோ ஓடும் கார்களில் இருக்கின்றன. லிம் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரை ஒரு தடையாக மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரஸ்லான்தான் ஏதோ யோசித்து மேசையைத் திருப்பிப் போட்டார். விளக்கை மாற்றினார். பட்டைகள் தனலெட்சுமியின் வலப் பக்கத்திலிருந்து வரும்படி வைத்து, ஒவ்வொன்றையும் முனை மாற்றிப் பிடிக்கச் சொன்னார். இப்போது கீறல்கள் அகப்பட்டன. ஆனால் நேரம் கூடுதலாக எடுத்தது. கடைசியில் நீளப் பட்டைகளை மற்ற பெண்களுக்கு மாற்றி, சிறிய பாகங்கள் முழுவதையும் தனலெட்சுமிக்கு விடலாம் என்று முடிவு செய்தோம். சம்பளத்தில் கை வைக்கக் கூடாது என்று லிம்மிடம் நான் வாதாடினேன். ‘ஆடிட் முடியட்டும்’ என்று மட்டும் சொன்னார்.

கார் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு கண் பார்வையுள்ளவர் இந்த வேலையைச் செய்யலாமா, உங்கள் விதியில் தெளிவில்லை என்று கேட்டேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

ஆடிட்டுக்கு முந்தின நாள் லிம் என் அறைக்கு வந்தார். "நாளைக்கு ஒரு நாள் அவங்க ஸ்டோர்ல இருக்கட்டும்" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்வதைப்போலத்தான் சொன்னார். ஒரு நாள்தானே என்று எனக்கும் பட்டது. ஆர்டர் பிழைத்தால் தனலெட்சுமிக்கும்தானே நல்லது? தனலெட்சுமியின் மேசைக்குப் போய்ச் சொன்னேன்.

"ஒளிஞ்சிக்கணுமா மேடம்?" என்றார்.

"அப்படி இல்ல தனம்."

"அப்படித்தான் மேடம். எனக்கு வருத்தமில்ல. லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கேன். ஆனா ஸ்டோர்ல உக்கார மாட்டேன். வீட்டுல இருந்தா நான் லீவுல இருக்கிற ஆளு. ஸ்டோர்ல உக்காந்தா நான் யாரு?"

நான் திரும்பி லிம்மிடம் போனேன். சொல்லப்போவது இன்னது என்று ஒத்திகை பார்க்கவில்லை. "அவங்க மேசையிலதான் இருப்பாங்க. ஆடிட்டர் கேட்டா நானே சொல்றேன், மேசையை ஏன் திருப்பினோம்னும் சொல்றேன். அதுக்கப்புறம் ஆர்டர் போனா என் மேல எழுதுங்க" என்றேன். அது சட்டம் தெரிந்து எடுத்த முடிவு இல்லை. எங்களோடு வருடக்கணக்காக வேலை செய்த ஒருவரிடம் ‘நான் யாரு’ என்ற கேள்விக்கு ‘நீ இங்கே இல்லை’ என்று பதில் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். லிம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஆடிட்டர் வந்தார். தனலெட்சுமியின் மேசையருகே நின்றார். ஒரு பாகத்தை எடுத்து, இதை ஏன் ஒதுக்கினீர்கள் என்று கேட்டார். தனலெட்சுமி காட்டினார். ஆடிட்டர் தலையாட்டிவிட்டு, மேசை ஏன் இப்படித் திரும்பியிருக்கிறது என்று ரஸ்லானைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ரஸ்லான், "இவங்களுக்கு வலப் பக்கம் வசதி" என்றார். ஆடிட்டர் அதை எழுதிக்கொண்டு அடுத்த இயந்திரத்துக்குப் போய்விட்டார். கண் பரிசோதனை நடந்ததா என்று கேட்டார், நடந்தது என்றோம். முடிவைக் கேட்கவில்லை.

ஆர்டர் போகவில்லை. தனலெட்சுமி அதே சம்பளத்தில், சிறிய பாகங்களின் மேசையில் நிலையாக இருந்தார். இப்போதும் இருக்கிறார். ஆனால் நான் தயாராக வைத்திருந்த பதில் சரியா தவறா என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. சட்டம் அவரைக் காப்பாற்றியதா, ரஸ்லானின் அந்தப் பதில் காப்பாற்றியதா, ஆடிட்டருக்குப் பசி வந்ததா, சொல்ல முடியாது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. விஷயம் தொழிற்சாலை முழுக்கப் பரவியிருந்தது. என் அறைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேக்கிங்கில் இருந்த பெண் ஒருவர் முதுகு வலியோடு வந்து, எனக்கும் மேசை மாற்றித் தருவீர்களா என்றார். சர்க்கரை நோயால் கால்விரல் எடுத்த ஒருவர், நின்று செய்யும் வேலையிலிருந்து மாற்ற முடியுமா என்றார். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் ஓர் இளைஞன், எம்.சி. விடுப்பு எடுத்தால் பெயர் கெட்டுவிடுமா என்றான். இவர்களில் யார் உள்ளே, யார் வெளியே? விரல் இல்லாதவருக்கு அட்டை கிடைக்குமா? முதுகு வலி நீண்ட காலக் குறையா, இல்லை போன வாரம் பெட்டி தூக்கியதால் வந்ததா? சிலருக்கு வழி செய்தேன், சிலருக்கு முடியவில்லை. முடியாது என்று சொன்னவர்களில் யாருக்காவது அநியாயம் செய்தேனா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. மேசை திருப்பியதைப் பார்த்துச் சலுகை என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லவும் என்னிடம் நல்ல பதில் இருந்ததில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், மதிய உணவு நேரத்தில் ரஸ்லான் வந்தார். கதவருகிலேயே நின்றார். ஸ்டாக் கணக்கு பற்றி ஏதோ பேசினார். பேசி முடித்தும் போகவில்லை.

"புவான், எனக்கு வலிப்பு உண்டு" என்றார். "பதினைஞ்சு வயசுலேர்ந்து. மாத்திரை சாப்பிடறேன். கடைசியா வலிப்பு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு. இங்க யாருக்கும் தெரியாது."

எனக்கு உடனே நினைவு வந்தது, ஆள் குறைந்த நாட்களில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார் என்பது. அவருக்கும் அதே நினைவுதான் இருந்திருக்கும். நான் கேட்பதற்கு முன்னால், "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறப்ப எல்லாம் பயந்துகிட்டேதான் ஓட்டறேன். வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க" என்றார்.

தனலெட்சுமியை அன்றைக்கு அவ்வளவு அவசரமாக மேசையிலிருந்து எழுப்பியவர் இவர். அந்த மேசையைத் திருப்பிப் போட்டவரும் இவர்தான். அவர் மனதில் அப்போது என்னவெல்லாம் ஓடியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவர் கையில் வைத்திருந்த தொப்பியை மடித்தார், பிரித்தார்.

"நானும் அதுல சேருவேனா புவான்? சட்டம் என்னைப் பாதுகாக்குமா?"

உங்களில் ஒருவர் மீ ஹூன் தட்டோடு கேட்டதும் இதே கேள்விதான். ரஸ்லான் கேட்டபோது தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வீட்டுக் கடன் இருந்தது, மூன்று பிள்ளைகள் இருந்தார்கள், அன்றைக்கே யாராவது ஃபோர்க்லிஃப்ட் சாவியை அவர் கையில் கொடுக்கலாம் என்ற நிலையும் இருந்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று நான் புத்தகம் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. தெரியும் என்று பொய் சொல்லவும் முடியாது.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

"எனக்குத் தெரியல ரஸ்லான். தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுச் சொல்றேன். சாவியை மட்டும் இனிமே தொடாதீங்க. காரணத்தை நான் பாத்துக்கிறேன்" என்றேன். "இப்ப உக்காருங்க. எப்பவெல்லாம் வரும், டாக்டர் என்ன சொன்னார், எந்த வேலை செய்யறப்ப பயமா இருக்கு, எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பிக்க வெகுநேரம் ஆனது. நான் காத்திருந்தேன்.